மாவு யாருக்கு?

போன வாரம் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடைக்குப் போனேன். ரத்தம் குறைவாம், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம். வெயிலே படாத ஆபீஸ் வேலை என்பதால் அதற்கும் தனியாக ஒரு மாத்திரை. கவுண்டரில் இருந்த பெண் சீட்டைப் படித்துவிட்டு, கடையில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மேடம், இது யாருக்கு, உங்களுக்கா?" என்றாள். "இல்லம்மா, எங்க வீட்டுப் பொண்ணுக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் பெண்ணே கிடையாது. இரண்டும் பையன்கள்.

அவள் தலைக்குப் பின்னால் அலமாரி நிறைய டப்பாக்கள். பள்ளிக்கூடப் பெண்ணுக்கு ஒன்று, கர்ப்பிணிக்கு ஒன்று, பால் கொடுப்பவளுக்கு ஒன்று, நாற்பதைத் தொட்டவளுக்கு ஒன்று. எல்லா டப்பாவிலும் ஒருத்தி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்து என்பது அவ்வளவு சந்தோஷமான விஷயமாக எங்கள் ஊரில் இருந்ததில்லை. மாத்திரையை நான் கைக்குட்டையில் சுற்றி, பையின் அடியில், டிபன் பாக்ஸுக்குக் கீழே வைத்துக்கொண்டு வந்தேன். எதையோ திருடிக்கொண்டு வருகிறவள் மாதிரி. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். துருப்பிடித்த நங்கூரத்தை வெயிலில் போட்டால் வருமே, அந்த வாசனை. நங்கூரத்தை மோந்து பார்த்திராதவர்களுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

எனக்கு அது வியாழக்கிழமை வாசனை. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கொரு மாத்திரை தருவார்கள். டீச்சர் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். நாங்களோ அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் துப்புவோம். அதைப் போட்டால் கறுத்துப்போவோம், குழந்தை பிறக்காது என்று ஆளுக்கொரு கதை. உண்மையான காரணம் அதெல்லாம் இல்லை. அந்த வரிசையில் நிற்பதே வெட்கமாக இருந்தது. வயசுக்கு வந்தவர்கள் எல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள் என்று மைக் வைத்துக் கூப்பிட்ட மாதிரி.

மீன்பிடிக்கிற ஊர்க்காரிக்கு ரத்தம் எப்படிக் குறையும் என்று ஆபீஸில் ஒருத்தி கேட்டாள். எங்கள் ஊரான தோணிரேவில் நல்ல இறால், நல்ல நண்டு எல்லாம் ஐஸ் பெட்டியில் ஏறிப் போய்விடும். வீட்டுக்கு வருவது பொடி மீன். அதிலும் முதல் தட்டு அப்பாவுக்கு, நான் நைனா என்று கூப்பிடுகிறவருக்கு, அப்புறம் எனக்கு. அம்மா சட்டியைச் சாய்த்து வைத்து, அடியில் நிற்கும் குழம்பைச் சோற்றில் ஊற்றி, நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது கல்யாண வீடுகளில்தான்.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு நாள், அம்மாவின் சுருக்குப்பையில் பல்பம் இருந்தது. சிலேட்டில் எழுதுகிற பல்பம்தான். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி. எங்கள் வீட்டில் சிலேட்டு வைத்திருக்கிற குழந்தை யாரும் கிடையாது. கொஞ்ச நாள் கழித்து, அவள் அடுப்புக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அதைக் கடித்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். உதட்டில் வெள்ளையாக மாவு.

"எம்மா, இன்னா துன்ற?"

"ஒண்ணும் இல்ல. போய்ப் படி."

"பல்பமா துன்ற? பைத்தியம் புட்ச்சிகிச்சா?"

அம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "வாய் கேக்குது, இன்னா பண்ணட்டும்?" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமல், அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே, "உன்னைச் சொமந்தப்பவும் இப்டித்தான் கேட்டுச்சு" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது. எனக்குப் பிறகு பதினைந்து வருஷமாக எதுவும் இல்லாத வீடு. அத்தை வீட்டில் என்னைப் பெண் கேட்கலாமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அம்மா ஏன் சேலைக்கு மேலே நைனாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அலைகிறாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மீன்வேலை செய்கிற பெண்கள் பலபேர் அப்படிப் போடுவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஒசரமா ஒரு பொண்ண வெச்சிகினு நான் வயித்தத் தள்ளிகினு நடந்தா ஊரு சிரிக்காதா?" என்றாள் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நர்ஸம்மா ஊருக்குள் வருகிற நாளில் ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவாள். நைனாவுக்குத் தெரியும். அவரும் வெட்கத்தில் முன்னைவிட அதிக நேரம் ஏரியிலேயே கிடந்தார். மூன்று பேரும் ஒரு கூரைக்குக் கீழே ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டு, அது இல்லாதது மாதிரி சோறு தின்றோம்.

ஆனால் உடம்பு மறைக்க விடவில்லை. மீன்கூடையோடு நடந்து வரும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நாள் மார்க்கெட்டிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாளாம். அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"பால்வாடி டீச்சர் கைல போய் அந்தச் செவப்பு மாத்திரையும் மாவும் கேளு. தனியா கேளு. யாருக்குனு மட்டும் சொல்லாத."

பால்வாடி டீச்சர் பெயர் மேரி. நல்ல மனுஷி. மாதாகோவில் தெருவிலிருந்து குடையும் கையுமாக வருவார். நான் போனபோது குழந்தைகள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். உள்ளே சமையல் ஆயா மட்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தது. சத்துமாவு மூட்டையைப் பிரித்து வைத்திருந்தார்கள். வறுத்த கோதுமையும் வெல்லமும் கலந்த வாசனை அந்த அறை முழுக்க நின்றது. பசியோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நான். அந்த வாசனையில் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோகப் பார்த்தது.

"டீச்சர், புள்ளத்தாச்சிங்களுக்குக் குடுப்பீங்களே, அந்த மாவு வோணும். மாத்திரையும்."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா?"

நான் தரையைப் பார்த்தேன். யாருக்கென்று சொல்லக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வேறு யாருக்கு என்று பொய் சொல்லலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு சமர்த்து.

"யாருக்குன்னு சொல்லாம எப்படித் தர்றது? வயித்துல எத்தனை மாசம்னு பார்க்கணும், எடை பார்க்கணும்."

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றுபோனது. டீச்சர் எழுந்து வந்து என் முகத்தை நிமிர்த்தினார். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று தெரியாமல் நான் அழ ஆரம்பித்தேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. "வீட்டுல தெரியுமா?" என்று மெல்லக் கேட்டார். "தெரியும் டீச்சர்" என்றேன். உண்மைதானே! அவர் ஒரு பை நிறைய மாவும், மாத்திரைப் பொட்டலமும் கொடுத்து, "பயப்படாதம்மா, அம்மாவைக் கூட்டிட்டு நாளைக்கு வா" என்று என் தலையைத் தடவினார். அந்தத் தடவலின் அர்த்தம் எனக்கு அப்போது தெரியவில்லை. எவ்வளவு அன்பானவர் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியில் கரையில் ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மறைவில் உட்கார்ந்து, ஒரே ஒரு வாய் மட்டும் என்று மாவை அள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் இன்னொரு வாய். அடுத்ததற்குக் கணக்கு இல்லை. மூக்கு, தாவணி, கை எல்லாம் மாவு. தலையைத் தூக்கினால் பக்கத்து வீட்டு லோகம்மா நிற்கிறாள். அம்மாவோடு சேர்ந்து மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் பார்வை என் வாயிலிருந்து பைக்குப் போய், பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்துக்குப் போய், அங்கிருந்து என் வயிற்றுக்கு வந்து நின்றது.

"இன்னாடி, மாவு நல்லாக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆயா சொன்னதும் லோகம்மா பார்த்ததும் எங்கே சந்தித்தன என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் தெருவில் நான் நடந்தால் பேச்சு நின்றது. பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து போகிற பெண்கள் எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டிருந்தார்கள். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். எனக்கு வேர்வை நாற்றமா, மீன் நாற்றமா என்று நான் என்னையே மோந்து பார்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வகுப்பு டீச்சர் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் கையை நீட்டியபடி நின்றேன். அவர் குனிந்து, "உனக்கு வேணாம்மா. இந்த நேரத்துல அது போடக் கூடாது" என்று ரகசியம் மாதிரி சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்திருந்தேன். அப்போதுதான் மேரி டீச்சரின் தடவல், லோகம்மாவின் கேள்வி, காலியான பெஞ்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் தலையில் இறங்கின.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் கத்தினேன். "எல்லாம் உன்னாலதான். நான் புள்ளத்தாச்சினு ஊரு பூரா பேசுது. டீச்சரே எனக்கு மாத்திரை குடுக்கல. இனிமே நான் ஸ்கூலுக்குப் போ மாட்டேன்." அம்மா கையிலிருந்த பல்பத்தை அடுப்புக்குள் போட்டாள். நைனா வெளியே வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவர் கை ஓடாமல் நின்றதை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில், படகுகள் வந்து சேருகிற நேரம். மீன் எடுக்க வந்த பெண்கள் எல்லாம் கூடையோடு கரையில் நிற்கிறார்கள். அம்மா வீட்டு வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டாள். சேலையை இறுக்கிக் கட்டி முந்தானையை இடுப்பில் செருகினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கரைக்கு நடந்தாள். அவள் முன்னால், நான் பின்னால். பிடியை உருவிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. மீன்கூடை தூக்கிய கை.

லோகம்மா முன்னால் போய் நின்றாள்.

"லோகு, இங்க பாரு. நல்லா பாத்துக்க. ஏழாவது மாசம். என் வயிறு. அந்த மாவு எனக்கு வாங்கினு வந்தது. என் பொண்ணு வயித்துல பசி மட்டும்தான் கீது. இனிமே யார் வாய்லனா அவ பேரு வந்துச்சு, நான் இதே வயித்தோட அவங்க வூட்டு வாசல்ல வந்து குந்திக்குவேன். சோறும் அவங்கதான் போடணும்."

படகிலிருந்து மீன் இறக்கிய ஆண்கள் கூட அப்படியே நின்றார்கள். லோகம்மா, "எம்மாடி, ஏழு மாசமா கஸ்தூரி?" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வந்தது. நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? என் பேரைத் துடைத்துக் கொடுக்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. இதற்கு அந்த வதந்தியே பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

அங்கிருந்து அம்மா பால்வாடிக்கு நடந்தாள். "டீச்சர், என் பங்கு வோணும்" என்று சொல்லி எடைக்கருவி மேல் ஏறி நின்றாள். மேரி டீச்சர் ஒரு முறை அம்மாவையும் ஒரு முறை என்னையும் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றார். நான் கையை உருவிக்கொண்டேன். அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. துளி சிவப்பு இல்லை. "ரத்தமே இல்லியே கஸ்தூரி! பல்பம் துன்னியா? மண்ணு துன்னியா? அது வாய் கேக்கல, ரத்தம் கேக்குது" என்றார். அம்மா குற்றவாளி மாதிரி தலையை ஆட்டினாள். அந்தப் பல்பத்துக்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "பொண்ணை உள்ள அனுப்புங்க, அம்மா வெளிய இருங்க" என்றார். "நான்தாம்மா புள்ளத்தாச்சி. இவ தொணைக்கு வந்தவ" என்றாள் அம்மா. வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். மருந்து வாங்கும் இடத்தில் மறுபடி அதே கேள்வி, அம்மாவிடமிருந்து அதே பதில். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் ஏறியது. கரையில் உடைத்த வெட்கத்தை அவள் திரும்ப ஒட்டவைக்க முயலவில்லை. நான் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

இப்படியே வலி எடுத்திருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று டாக்டர் நைனாவைத் திட்டினார். ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. நைனாவோடு படகில் போகிறவர்கள் வந்து படுத்துக் கொடுத்தார்கள். "இன்னாய்யா, இந்த வயசுல" என்று அவரைக் கிண்டல் செய்துகொண்டே கொடுத்தார்கள். மாத்திரையை டீயோடு போடக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போடு என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒன்றுவிடாமல் போட்டாள். நாள் நெருங்குவதற்கு முன்பே என் தங்கை பிறந்தாள். கையகலக் குழந்தை, ஆனால் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற குரல்.

வீட்டுக்கு வந்த அன்று லோகம்மா பால்சுறா மீனில் புட்டு செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. தட்டை நீட்டி, "சூடாக்குது, துன்னு" என்றாள். அம்மா உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டாள். என்னைப் பார்த்து லோகம்மா, "உனக்கும் எடுத்துனு வந்துகீறேன்" என்றாள். எனக்கு வேண்டாம் என்றேன். மீதியை மூடி வைத்தார்கள். சாயங்காலம் அதையும் நான்தான் தின்றேன்.

அதன் பிறகு பால்வாடியில் எங்கள் வீட்டுக்கு மூன்று பங்கு. பால் கொடுக்கிறவள் என்று அம்மாவுக்கு, வளரும் பெண் என்று எனக்கு, கொஞ்ச மாதம் போனதும் தங்கைக்கு. அம்மா மூன்றையும் வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவோடு வருவாள். பஸ்ஸில் யாராவது என்னையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தால் போதும், கேட்காமலே சொல்வாள்: "இது என் கொழந்த. அது இவ அக்கா." கண்டக்டருக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். நான் அதற்குள் பஸ்ஸின் அடுத்த முனைக்குப் போயிருப்பேன்.

அம்மாவுக்கு ஐம்பது தாண்டியதும் முதுகு வளைய ஆரம்பித்தது. சம்பாதிக்கிறவளாக நான் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனேன். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? இனிமே நான் புள்ளையா பெக்கப் போறேன்?" என்று சிரித்து, டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவளுக்கென்று ஒரு எலும்பு இருக்கிறது என்பதை நானும் வற்புறுத்திச் சொல்லவில்லை. கரைச் சேற்றில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவள் எழுந்து நடக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் போய்விட்டாள்.

இப்போது தோணிரேவில் அந்தப் பால்வாடிக் கட்டடம் இல்லை. வேறு இடத்தில், டைல்ஸ் போட்டு, சுவரில் பொம்மை வரைந்து கட்டியிருக்கிறார்கள். மேரி டீச்சர் ரிட்டயர் ஆகி மகனோடு எங்கேயோ போனதாகச் சொன்னார்கள். லோகம்மா இல்லை. நைனாவும் இல்லை. அந்தக் காலைநேரக் கரையில் நின்றவர்களில் யாராவது மிச்சம் இருந்தாலும், அவர்களுக்கு அது ஒரு நாள் பேச்சு, எப்போதோ மறந்திருப்பார்கள்.

தங்கை மீஞ்சூரில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று, வயிற்றின் மேல் கை வைத்து, வாரம் ஒரு போட்டோ எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி போனில் போடுகிறாள். நேற்று கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மா என்னை வயித்துல வெச்சினு இருந்தப்ப எப்டி இருந்தாங்க? வயிறு என்ன மாதிரியே மேல ஏறினு இருந்துச்சா, கீழ எறங்கினு இருந்துச்சா? ஒரு போட்டோகூட இல்லியே."

போனைக் காதில் வைத்துக்கொண்டு யோசித்தேன். கரையில் நின்ற பெண்களின் முகம் ஒவ்வொன்றும் தெரிகிறது. அம்மாவின் பின்கழுத்து தெரிகிறது, என் கையைப் பிடித்திருந்த பிடி தெரிகிறது. அவள் என் பக்கம் திரும்பி நிற்கும்போதெல்லாம் எனக்குத் தெரிவது மணல், என் கால்விரல், பால்வாடியின் சிமெண்டுத் தரை, ஆஸ்பத்திரித் தூண்.

"தெரியலடி" என்றேன்.

"பரவால்லக்கா. எவ்ளோ வருஷமாச்சு, மறந்துபோயிருக்கும்" என்றாள்.

மறப்பதற்கு நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.